அசையாத கப்பலில் பிறந்த கீதம்

மகாத்மா காந்தியடிகள் மிகவும் விரும்பிய கிறிஸ்தவ கீதங்களுள் 'லீட், கைண்ட்லி லைட்' என்பது ஒன்று. இருளில் வழிகாட்டுமாறு ஜோதியை வேண்டும் அக்கீதம் பிறந்த விதத்தை நேயர்கள் அறிவார்களா?

1833-ம் வருஷம் ஜான் ஹென்றி நியூமன் என்னும் 32 வயது ஆக்ஸ்போர்டு பாதிரியார் ஸிஸிலித் தீவில் கடும் ஜுரத்தால் மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். பிழைத்தெழுந்தும் அவர் கண்ணீர் உகுத்தார். தாய்நாட்டில் தமக்கொரு பணி காத்திருக்கிறது என்பதே அவரது ஏக்கம். பலெர்மோ நகரில் ஏறக்குறைய மூன்று வாரம் காத்திருந்து, ஆரஞ்சுப் பழம் ஏற்றிய பாய்மரக் கப்பலொன்றில் மார்ஸேல்ஸுக்குப் புறப்பட்டார். கார்ஸிகாவுக்கும் ஸார்டீனியாவுக்கும் இடையே காற்று அடியோடு நின்றுவிட்டது. ஒரு வாரம் கப்பல் அசையவில்லை. அப்பயணத்தில்தான், ஜூன் 16-ந் தேதி, அக்கீதத்தை எழுதினார். நெடுந்தூரத்தைக் காட்டுமாறு அவர் கேட்கவில்லை. அடுத்த அடிக்கு வேண்டிய வெளிச்சமே அவர் பிரார்த்தனை.

1865-ல் ஜான் பாக்கஸ் டைக்ஸ் என்னும் பாதிரியார் அதற்கு மெட்டமைத்தார். லண்டன் ஸ்ட்ராண்டு வீதியில் நடக்கும்போதே அது அவர் உள்ளத்தில் உதித்ததாம். பிற்காலத்தில் கார்டினல் பதவி பெற்ற நியூமன், பாட்டின் புகழ் மெட்டுக்கே உரியது என்று சொன்னாராம்.

நரஸிம்மராவ் திவேதியா அதைக் குஜராத்தியில் பெயர்த்தார். காந்தியடிகளின் ஆசிரமப் பிரார்த்தனையிலும் அது இடம் பெற்றது. காற்றுக்காகக் காத்திருந்த ஒருவரின் வேண்டுகோள், விடுதலைக்காகக் காத்திருந்தோருக்கும் பொருந்தியது வியப்பன்று.