அரிப்பெல்லாம் ஒன்றல்ல

வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டில், காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் குறைவதே இல்லை. தாழ்நிலப் பகுதிகளில் பகல் வெப்பம் 32 பாகை செல்சியசை எட்டுகிறது. காற்றின் ஈரப்பதமோ 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இத்தகைய காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. விடியற்காலைப் பெரட்டு முடிந்து பால்மரக் காட்டிற்கும் செம்பனைத் தோப்பிற்கும் செல்லும் நம் தொழிலாளர்கள், நீண்ட கைச்சட்டையும் உயர்ந்த சப்பாத்தும் அணிந்து நண்பகல் வரை உழைக்கின்றனர். நனைந்த துணி உடலோடு ஒட்டியபடியே பல மணி நேரம் கழிகிறது. தோட்டங்களில் தோல் அரிப்பு மிகுந்து காணப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால், எந்த அரிப்பு வந்தாலும் அதை ‘உடல் சூடு’ என்று ஒரே பெயரிட்டு அழைப்பதும், அண்டை வீட்டாருக்குக் குணமளித்த களிம்பையே வாங்கிப் பூசிக்கொள்வதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. அரிப்பு என்பது ஓர் அறிகுறியே. அதற்குரிய நோய்கள் பல. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றை வளர்க்கும் உரமாகிவிடக்கூடும். ஆகவே, இவற்றை வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது.

வேர்க்குரு

வியர்வைச் சுரப்பிகளின் நுண்ணிய குழாய்கள் அடைபடும்போது, வெளியேற வழியற்ற வியர்வை தோலுக்குள்ளேயே தேங்குகிறது. அதனால் கழுத்து, மார்பு, முதுகு, அக்குள் ஆகிய இடங்களில் ஊசி முனை போன்ற சிவந்த பருக்கள் தோன்றிச் சுருக்கென்று குத்தும். கைக்குழந்தைகளின் வியர்வைக் குழாய்கள் இன்னும் முழு வளர்ச்சி அடையாதவை. ஆதலால் அவர்களை இது எளிதில் பற்றுகிறது.

இதற்குப் பெரிய மருந்து எதுவும் வேண்டியதில்லை. உடலைக் குளிரச் செய்வதே மருந்து. குளிர்ந்த நீரில் குளித்து, மெல்லிய பருத்தி ஆடை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் இருந்தால் சில நாட்களில் தானே தணியும். காலமின் நீர்மம் பூசினால் அரிப்பு குறையும். தேங்காய் எண்ணெயும் கெட்டியான களிம்புகளும் குழாய்களை மேலும் அடைத்துவிடும்; அவற்றைத் தவிர்க்க வேண்டும். முகமாவைக் குழந்தையின் மடிப்புகளில் அள்ளிக் கொட்டுவதும் நன்றன்று.

படர்தாமரை

இது பூஞ்சைக் காளானால் வருவது. வட்டமாகத் தொடங்கி, ஓரம் சிவந்து செதில் படிந்து, நடுப்பகுதி தெளிந்தபடி விரிந்துகொண்டே போகும். தொடை இடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ்மடிப்பு ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். நாள் முழுதும் சப்பாத்துக்குள் புழுங்கும் கால்விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து உரிவதும் பெரும்பாலும் இக்காளானின் வேலையே.

இங்குதான் பெருந்தவறு ஒன்று நிகழ்கிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசியவுடன் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடுகின்றன. நோய் தீர்ந்ததென்று எண்ணுகிறோம். உண்மையில், அம்மருந்து உடலின் எதிர்ப்பை மட்டும் தணிக்கிறது. காளானோ தடையின்றிப் பரவுகிறது. பூசுவதை நிறுத்தியதும் முன்னிலும் அகலமாகத் திரும்பி வருகிறது. வட்ட வடிவமும் மறைந்துபோவதால், பின்னர் மருத்துவரே கண்டறிவது கடினமாகிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து கோடு கோடாக வெடித்துவிடும், அக்கோடுகள் மறைவதில்லை.

குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற காளான் எதிர்ப்புக் களிம்புகளே இதற்கு ஏற்றவை. நாளுக்கு இருமுறை, வட்டத்தின் ஓரத்திற்கு வெளியேயும் இரண்டு விரலகலம் சேர்த்துப் பூச வேண்டும். தோல் தெளிந்த பின்னும் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தொடர வேண்டும். அரிப்பு நின்ற அன்றே மருந்தையும் நிறுத்துவதால்தான் பலருக்கு நோய் மீள்கிறது. துண்டு, கைலி, உள்ளாடை ஆகியவற்றைப் பிறருடன் பகிரலாகாது. அடிக்கடி படர்தாமரை வருவோர் இரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் சோதித்துக்கொள்வது நலம்; நீரிழிவு நோயாளிகளைக் காளான் எளிதில் பற்றும்.

சொறி

இரவில் அரிப்பு மிகுந்து உறக்கத்தைக் கெடுக்கிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய பகுதி, பிட்டம் ஆகியவற்றில் பருக்கள் உள்ளனவா? வீட்டில் மற்றொருவரும் சொறிகிறாரா? அப்படியாயின் அது வேர்க்குரு அன்று. மலாய் மொழியில் ‘கூடிஸ்’ எனப்படும் சொறியாக இருக்கலாம். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சிற்றுண்ணி ஒன்று தோலைக் குடைந்து முட்டையிடுவதால் இது வருகிறது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தோன்றவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதற்குள் அவரிடமிருந்து பிறருக்கும் பரவியிருக்கும்.

ஆதலால், அரிப்பு இருப்பினும் இல்லாவிடினும் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் நோய் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பெர்மெத்ரின் களிம்பை இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, 8 முதல் 14 மணி நேரத்திற்குப் பின் கழுவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூசுவது வழக்கம். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரிய மருந்தையும் அளவையும் மருந்தகத்தில் கேட்டறிய வேண்டும். படுக்கை விரிப்பையும் உடைகளையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாதவற்றை நெகிழிப்பையில் மூன்று நாட்கள் கட்டி வைக்கலாம். உண்ணி மடிந்த பின்னும் சில வாரங்கள் அரிப்பு நீடிக்கக்கூடும். அதைக் கண்டு மருந்தைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டியதில்லை.

தொழிலோடு வரும் அரிப்பு

பாலை உறையச் செய்யும் பார்மிக் அமிலம், உரம், களைக்கொல்லி ஆகியவை தோலைப் புண்ணாக்குபவை. செம்பனை மட்டைகளில் வாழும் மயிர்ப்புழுக்கள் பட்டாலும் தடிப்பு எழும். ‘செமுட் சார்லி’ என்று நாம் அழைப்பது எறும்பன்று, ஒருவகை வண்டு. இரவில் விளக்கொளியை நாடி வரும் அதைத் தோல்மேல் நசுக்கினால், உள்ளிருக்கும் நஞ்சு பட்டு மறுநாள் தீப்பட்டாற்போல் கொப்புளிக்கும். நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

சொறிவதன் விளைவு

நகத்தால் கீறிய இடத்தில் கிருமி புகுந்தால் சீழ் வைக்கிறது. அக்கிருமிகளுள் சில, சில வாரங்களுக்குப் பின் பிள்ளைகளின் சிறுநீரகத்தைத் தாக்கவும் கூடும். முகம் வீங்குதல், சிறுநீர் தேநீர் நிறமாதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அவற்றைக் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகளின் நகங்களை வெட்டி வைப்பது சிறு செயலே. அதன் பயனோ பெரிது.

சீழ், காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, இரண்டு வாரங்களாகியும் தணியாத அரிப்பு ஆகியவை இருப்பின் அரசாங்கச் சுகாதார மருந்தகத்தை நாட வேண்டும். குடிமக்களுக்கு அங்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட் மட்டுமே. பெயர் தெரியாத களிம்புக்குச் செலவிடுவதைவிட இது குறைவானது. இதுவரை பூசிய களிம்பையும் உடன் கொண்டு சென்று காட்டுவது நன்று. மண்ணெண்ணெயும் வெளுப்பு நீரும் பூசுவது கேட்டையே தரும். வேப்பிலை நீரில் குளிப்பதில் பெரும்பாலும் தீங்கில்லை. எனினும் காளானுக்கும் உண்ணிக்கும் அது மருந்தாகாது.

வேலை முடிந்து திரும்பியதும் குளித்து, உடலை நன்கு துடைத்து, உலர்ந்த ஆடை அணிதல். சப்பாத்தை வெயிலில் காய வைத்தல். காலுறையை நாள்தோறும் மாற்றுதல் ஆகியவை நம் கையில் உள்ளவை. குளிப்பதற்கு நீர் வேண்டுமே! தோட்டக் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் கூறுகிறது. தொழிலாளரின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பொறுப்பில் வைக்கிறது. மருந்தடிப்போருக்குக் கையுறை போன்ற பாதுகாப்புச் சாதனங்களைத் தருவதும் அப்பொறுப்பைச் சேர்ந்ததே. குறை இருப்பின் தொழிலாளர் இலாகாவில் தெரிவிக்கலாம்.

அரிப்பு வெட்கப்படத்தக்க நோயன்று. மறைத்து வைத்தால் ஒருவரிடமிருந்து லயம் முழுவதும் பரவும்; காலத்தே காட்டினால் சில வாரங்களில் தீரும். முதலில் எந்த நோயென்று அறிவோம். பிறகு மருந்தைத் தேடுவோம்.