அரசினர் தோட்டம் நிலையத்தில் உங்கள் உரிமை

பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து சேப்பாக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் பொன்னேரி வரை பஸ், பிறகு மின்சார ரயில் என்று சென்ட்ரலில் வந்து இறங்குகிறார்கள். அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே அரசினர் தோட்டம். 2019 பிப்ரவரியில் திறந்த சுரங்க நிலையம். மேலேறி வாலாஜா சாலையில் கடற்கரைப் பக்கம் நடந்தால் பல்கலைக்கழகம்.

நிலைய வாசலில் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்கள். உள்ளே, ஹாஸ்டலுக்கென்று அம்மா கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாடு. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டியை, நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்; அந்த அம்மாவின் அழுகையை நம் ஊர்களில் யாரும் மறக்கவில்லை.

2002ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் சட்டம் ஆபத்தான, அருவருப்பூட்டும் பொருள்களுக்குத் தடை விதிக்கிறது. மீன்பிடி வேலை செய்கிறவர் என்பதற்காக ஒருவரைத் தடுக்க அதில் இடமே இல்லை. ஆனால் பொருளைக் காரணம் காட்டித் தடுக்கலாம் என்பதால் ஈர மீன் வேண்டாம். கருவாட்டை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அப்படியும் மறித்தால், எந்த விதி என்று கேளுங்கள். நிலையக் கட்டுப்பாட்டாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வாய்ச்சண்டை மட்டும் கூடாது. வசைபாடுவது அதே சட்டப்படி குற்றம், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

சுரங்க நிலையத்தில் நடைமேடை ஓரம் கண்ணாடிக் கதவுகள் உண்டு. கதவு மூடும் ஒலி கேட்டபின் பாய்ந்து ஏறாதீர்கள். அடுத்த வண்டி வரும். புகை தெரிந்தால் லிஃப்ட் வேண்டாம், படிக்கட்டுதான். யாராவது சீண்டினால் பெட்டியில் உள்ள அவசரப் பொத்தானை அழுத்தி ஓட்டுநரிடம் பேசலாம். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 112, பெண்களுக்கு 181.

விபத்தில் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் இழப்பீடு கோர, மெட்ரோ ரயில் சட்டம் உரிமைகோரல் ஆணையரை அணுக வழி செய்திருக்கிறது. சேவைக் குறைபாடு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் காசு கிடையாது. வக்கீல் வேண்டுமென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும், இருளர் உள்ளிட்ட பழங்குடியினருக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சான்றுக்காக டிக்கெட்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள். தேதி, நேரம், ஊழியரின் பெயர்ப்பட்டையில் உள்ள பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.