கோரைக்கும் ஓர் இடம் கொடுங்கள்

கோரை என்றதும் விவசாயி முகம் சுளிப்பது நியாயம்தான். உலகின் மிக மோசமான களைகளுள் ஒன்றாகக் கருதப்படும் சைபீரஸ் ரோட்டண்டஸ், நம் வயல்களில் மண்டும் அதே கோரைதான். மண்ணுக்குள் கிழங்குகளைச் சரம்சரமாக வைத்திருப்பதால், மேலே பிடுங்கினாலும் அடியில் தங்கிய கிழங்கு மறுபடி துளிர்த்துவிடும். ஆனால், கோரைக் குடும்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பத்தமடைப் பாய் முடைவதும் கோரையில்தான். ஓர் இனம் தரும் தொல்லைக்காகக் குடும்பத்தையே ஒதுக்கினால் இழப்பு நமக்குத்தான். வீட்டில் எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் மூலைக்கு அழகுக் கோரையைவிடப் பொருத்தமான செடிகள் குறைவு.

நர்சரிகளில் ‘அம்பரெல்லா பாம்’ என்று விற்கப்படும் குடைக்கோரையையே எடுத்துக்கொள்வோம். பெயரில் பனை இருந்தாலும் இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கோரை இனம். மூன்று நான்கு அடி உயரத் தண்டின் உச்சியில் இலைகள் குடைக்கம்பிகளாக விரியும். குழாயடியிலும் துவைக்கும் கல்லருகிலும் ரோஜாவை வைத்தால், நீர் நிறைந்த மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகும். குடைக்கோரையின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் இருப்பதால் அந்தச் சேற்றிலும் அது செழிக்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கும் செயற்கைச் சதுப்புகளில் இதை நடுவதும் அதனால்தான். வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடி உறிஞ்சிக்கொள்கிறது. செலவும் இல்லை. இலைக்கொத்தைச் சிறிது தண்டோடு வெட்டி, இலை நுனிகளைக் கத்தரித்து, தலைகீழாகத் தண்ணீரில் போட்டால் சில வாரங்களில் வேர்விடும்.

இதுவும் களையாகப் பரவாதா என்று கேட்கலாம். குடைக்கோரை வயல் கோரையைப்போல் கிழங்கு வைத்து ஓடுவதில்லை, தூராகவே பெருக்கும். ஆனாலும் விதை மூலம் நீர்நிலைகளில் பரவக்கூடியது. சில நாடுகளில் அப்படிப் பரவியும் இருக்கிறது. ஆகவே வாய்க்கால், குளக்கரைகளில் இதை நடவே கூடாது. வீட்டிலும் தொட்டியில் வளர்த்து, பூங்கதிர் பழுப்பதற்குள் வெட்டிவிட வேண்டும். கொசு வரும் என்ற அச்சத்துக்கும் வழியுண்டு. முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்கு மேல் ஆவது வழக்கம். தொட்டித் தட்டில் நிற்கும் நீரை வாரம் இருமுறை கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவினால் போதும். நீர்த்தொட்டியாக இருந்தால் கப்பி மீன் விடலாம். காய்கறிக்கான இடத்தை இது பறிக்குமோ என்ற கவலையும் வேண்டாம். கத்தரியும் வெண்டையும் அந்தச் சேற்றில் காய்க்கப் போவதில்லை. ஈரம் காயாத அந்த மூலைக்குச் சிமென்ட் பூச நினைப்பவர்கள், அதற்கு முன் ஒரு தொட்டிக் குடைக்கோரையை அங்கே வைத்துப் பாருங்கள்.