பார்க்கப்படுதலிலிருந்து பேசுதலுக்கு: தமிழில் உளநலிவு நூல்களும் மதுரை வட்டார வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

உளநலிவு, நரம்பியல் பன்மை, குடும்பத் துயர் ஆகியவற்றைப் பேசும் தமிழ் நூல்கள் பெரும்பாலும் இரண்டு வகைகளில் வாசிக்கப்படுகின்றன. ஒன்று, நூலை நோய்க்குறிப்பாகக் கொள்ளும் வாசிப்பு. மற்றொன்று, நோயை உருவகமாகக் கொள்ளும் வாசிப்பு. இவ்விரண்டிலும் துன்புறுபவரின் கூற்று பின்னுக்குத் தள்ளப்படுகிறது. மணிமேகலை, எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’, பாமாவின் ‘கருக்கு’, யெஸ். பாலபாரதியின் ஆட்டிசம் குறித்த எழுத்துகள் ஆகியவற்றை மதுரை வட்டாரப் பின்புலத்தில் வைத்து, கூற்றை முதன்மையாகக் கொள்ளும் மூன்றாவது வாசிப்பு ஒன்றினை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உளநலிவு, மையல், கூற்று, ஆட்டிசம், கலைச்சொல், ஏர்வாடி.

முன்னுரை

மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் ஒருவருக்கு மனம் பேதலித்தால், வீட்டார் வாயில் முதலில் வருவது மருத்துவச் சொல் அன்று. ‘காத்துக் கருப்பு அடித்திருக்கிறது’ என்பர். ‘மறை கழன்றுவிட்டது’ என்பர். முதற்சொல் துன்பத்திற்குப் புறத்தே ஒரு காரணத்தைக் காட்டுகிறது. எனவே துன்புறுபவர் மீது பழி விழுவதில்லை. இரண்டாவது சொல் மனிதரைப் பழுதுற்ற பொறியாக்குகிறது. முதற்சொல்லின் வழியே செல்லும் குடும்பம் மேலமடைப் பாண்டி முனீஸ்வரர் கோயிலுக்கோ இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவிற்கோ போகிறது. இரண்டாவது சொல்லைக் கேட்ட குடும்பம் பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொள்கிறது.

இச்சூழலில் நூல்களுக்கு என்ன இடம் என்பது வெறும் இலக்கிய வினா அன்று. ஒரு சமூகம் உளத்துயரைக் குறிக்க எத்தகைய சொற்களை வைத்திருக்கிறதோ, அவற்றைப் பொறுத்தே அத்துயருற்றவரை நடத்துகிறது. புதிய சொற்கள் உருவாகும் இடங்களுள் இலக்கியமும் ஒன்று. ஆதலால் இந்நூல்களை எவ்வாறு வாசிப்பது என்பது தமிழாய்வின் பொறுப்பிற்கு உட்பட்டதாகிறது.

மணிமேகலை: பார்க்கப்படும் மையல்

மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என மரபு குறிக்கும் புலவரின் மணிமேகலையில், மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத் தெருவில் மையலுற்ற ஒருவன் வருகிறான். அலரியும் எருக்கும் மாலையாக அணிந்து, கந்தலும் சுள்ளியும் உடுத்து, அழுதும் விழுந்தும் அரற்றியும் தொழுதும் ஓடியும் தன் நிழலோடு தானே பகைத்தும் திரிகிறான். மக்கள் நின்று பார்க்கின்றனர். அவன் நிலையைத் துன்பம் என்றே சாத்தனார் சுட்டுவது நோக்கத்தக்கது. அங்கு ஏளனம் இல்லை.

ஆயினும் இக்காட்சியின் அமைப்பைக் கூர்ந்து நோக்கின் ஒன்று புலப்படும். அவன் அரற்றுகிறான், என்ன அரற்றினான் என்பது நூலில் இல்லை. தெருவில் மணிமேகலையையும் சுதமதியையும் சூழும் பல காட்சிகளுள் அவனும் ஒரு காட்சி. இரக்கம் உண்டு, கூற்று இல்லை. மையலுற்றவர் பார்க்கப்படுபவராகவே நிற்கும் இந்நிலை, தமிழ் எழுத்தில் நெடுங்காலம் நீடித்தது. இருபதாம் நூற்றாண்டுத் திரைப்படங்களும் பேச்சு வழக்கும் ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயரையே வசையாக்கியபோது, சாத்தனாரிடம் இருந்த இரக்கமும் கழிந்து பார்வை மட்டுமே எஞ்சியது.

காதுகள்: உள்ளிருந்து எழும் கூற்று

எம்.வி. வெங்கட்ராம் (1920–2000) கும்பகோணத்துச் சௌராட்டிர நெசவுச் சமூகத்தில் பிறந்தவர். மணிக்கொடியில் எழுதத் தொடங்கியவர். பட்டுச் சரிகை வணிகமும் செய்தவர். மதுரை நகரின் நெசவுத் தெருக்களும் இதே சமூகத்தின் பெருங்குடியிருப்புகளாதலின், அவர் காட்டும் வீடும் தொழிலும் வழிபாடும் மதுரை வாசகருக்கு அயலானவை அல்ல. 1993ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘காதுகள்’, தம் வாழ்வில் பல்லாண்டுகள் தாம் கேட்ட குரல்களை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய நாவல்.

நாவலின் தலைவன் மகாலிங்கத்தின் செவிகளில் ஆண்களும் பெண்களுமாகப் பல குரல்கள் இடையறாது ஒலிக்கின்றன. அவை வசைபாடுகின்றன, ஆபாசம் பேசுகின்றன, அச்சுறுத்துகின்றன. அவனோ முருகனைக் குருவாகக் கொண்டவன். தொழில் நொடிக்கிறது, வீட்டில் வறுமை புகுகிறது. இவ்வளவிற்கும் இடையே தனக்கு நிகழ்வதைத் தானே கவனிக்கும் தெளிவும் அவனிடம் உள்ளது. மணிமேகலையின் தெருவில் கேட்காமற்போன அரற்றல், இங்கு முதன்முறையாக உள்ளிருந்து சொல்லப்படுகிறது.

இந்நாவலை இரண்டு வழிகளில் எளிதாக முடித்துவிட இயலும். செவிப்புல மாயம் என்று நோய்ப்பெயரிட்டு, நாவலை அறிகுறிப் பட்டியலாக மாற்றலாம். நன்மைக்கும் தீமைக்குமான ஆன்மிகப் போர் என்று கொண்டு, குரல்களை வெறும் குறியீடுகளாகக் கரைக்கலாம். முதல் வாசிப்பில், முருகன்பால் அவன் கொண்ட பற்றுக்கு இடமில்லை. இரண்டாவது வாசிப்பில், அவன் உறக்கமின்றிப் பட்ட துன்பத்திற்கு இடமில்லை. நாவலோ இரண்டையும் ஒருங்கே வைக்கிறது. குரல் கேட்பவனுக்கு அக்குரல் பொருளுடையது. அதே வேளையில் அது அவனை வதைக்கிறது.

1987 முதல் நெதர்லாந்தில் உளமருத்துவர் மாரியஸ் ரோம், சாண்ட்ரா எஷர் ஆகியோரின் முயற்சியால் வளர்ந்த ‘குரல் கேட்போர் இயக்கம்’ இதனை ஒத்த கருத்தையே முன்வைத்தது. குரல் உண்டா இல்லையா என்று வழக்காடுவதை விடுத்து, அது என்ன சொல்கிறது, வாழ்வின் எந்த நிகழ்வோடு தொடர்புடையது என்று கேட்பவரிடமே வினவ வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. அவ்வியக்கத்தோடு தொடர்பு ஏதுமின்றி, ஒரு தமிழ் நாவல் அவ்வினாவை எழுப்பியிருப்பது கருதத்தக்கது.

நாவலின் எல்லையும் சுட்டப்பட வேண்டும். மகாலிங்கத்தின் மனைவி குடும்பச் சுமையைத் தாங்குகிறாள்; ஆனால் அவள் பட்ட பாடு அவன் நோக்கின் ஓரத்திலேயே தெரிகிறது. நோயுற்றவரின் கூற்றைக் கேட்டு முடித்த வாசகர், அருகிருந்து பேணுபவரின் கேட்கப்படாத கூற்றையும் தேட வேண்டியவராகிறார்.

கருக்கு: நோய்ப்பெயர் பெறாத துயர்

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் மதுரையிலிருந்து ஐடியாஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டின் கிராஸ்வேர்ட் விருதினைப் பெற்றது. தலித் தன்வரலாறு என்ற முறையில் இந்நூல் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. உளநலம் என்ற கோணத்தில் அத்துணை அளவு ஆராயப்படவில்லை.

துறவற மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி தொடர்வதைக் கண்டு, சில ஆண்டுகளில் வெளியேறி, தொழிலும் ஊன்றுகோலும் இல்லாத நிலையில் நின்ற ஒருவரின் எழுத்து இது. சிறகொடிந்த மனநிலையிலிருந்து தம் இளமைக்கால ஊரை நினைவுகூர்ந்து எழுதியதே தம்மை மீட்டது எனப் பாமா பதிவுசெய்துள்ளார். நூலின் அமைப்பும் இதனைக் காட்டுகிறது. நிகழ்வுகள் கால வரிசையில் செல்வதில்லை. ஒரே நிகழ்வு வெவ்வேறு இயல்களில் வெவ்வேறு கோணங்களில் மீண்டும் வருகிறது. தொடக்கத்தில் சிலர் குறையாகக் கண்ட இவ்வமைப்பினை, புண்பட்ட நினைவு தன்னைத் தானே சுற்றிவரும் முறையாகக் காண்பது பொருத்தமுடையது.

‘கருக்கு’ ஒரு திருத்தத்தையும் நம் முன் வைக்கிறது. உளத்துயர் என்பதைத் தனிமனித மூளைக்குள்ளோ ஒரு வீட்டின் சுவர்களுக்குள்ளோ அடைத்துவிட இயலாது. பாமாவின் துயருக்கு வேர் குடும்பத்தில் இல்லை. குடும்பத்தின் மீதும் கூலி வேலை செய்த பாட்டிகளின் மீதும் ஊர் சுமத்திய சாதியில் இருக்கிறது. இதற்கு நோய்ப்பெயர் இடுவது, காயத்திற்குப் பெயரிட்டுக் காயப்படுத்தியவரை மறைப்பதாகும். பனங்கருக்கு இருபுறமும் அறுப்பது. தலைப்பு அவ்வகையில் வாசகரையும் விலக்கி வைப்பதில்லை.

ஆட்டிசம்: கலைச்சொற்களின் சுமை

காதுகளும் கருக்கும் தம்மைத் தாமே சொல்லும் எழுத்துகள். வழக்கமான முறையில் பேசாத குழந்தையின் கூற்றை எழுத்து எவ்வாறு ஏந்துவது? யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்ற நூலும், ஆட்டிச நிலையுடைய சிறுவனை மையமாகக் கொண்ட ‘துலக்கம்’ என்ற புதினமும் இவ்வினாவோடு தொடர்புடையவை. முதலது பெற்றோருக்கு விளக்கம் தருவது. இரண்டாவது, குழந்தையைச் சூழ்ந்தோர் தம் பார்வையைத் துலக்கிக்கொள்வதைக் கதையாக்குவது. குழந்தை பேசவில்லை எனும் குறையிலிருந்து, நமக்குக் கேட்கத் தெரியவில்லை எனும் குறைக்கு வாசகரின் கவனம் இடம்பெயர்கிறது.

கலைச்சொற்கள் இவ்விடத்தில் முதன்மை பெறுகின்றன. தமிழக அரசு வழக்கில் ஆட்டிச நிலையினர் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ எனப்பட்டனர். இது பெயர் அன்று, தீர்ப்பு. புற உலகின் ஒலியும் ஒளியும் தாங்கவொண்ணாத அளவில் தாக்குவதால் காதைப் பொத்திக்கொள்ளும் ஒரு குழந்தைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை எனல் உண்மைக்கு நேர்மாறானது. ‘மதியிறுக்கம்’ என்ற ஆக்கமும் ‘இறுக்கம்’ என்பதைக் குறைபாடாகவே உணர்த்துகிறது. ‘ஆட்டிசம்’ என்ற ஒலிபெயர்ப்பு பொருள் தராவிடினும் பழியும் தருவதில்லை. நரம்பமைப்பின் வேறுபாட்டைப் பன்மையாகக் காணும் கருத்து 1990களின் இறுதியில் மேலைநாடுகளில் வழக்கிற்கு வந்தது. அதனைக் குறிக்கும் ‘நரம்பியல் பன்மை’ என்ற தொடர் இவ்வகையில் வேண்டத்தக்கது.

சொல் மாற்றம் பயனற்ற முயற்சி என்பார்க்கு ஜப்பான் சான்றாகிறது. ‘மனம் பிளந்த நோய்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கிய நோயினை, 2002இல் ‘ஒருங்கிணைவு குன்றிய நிலை’ எனப் பொருள்படும் சொல்லால் அந்நாட்டு உளமருத்துவர்கள் மாற்றினர். பழைய பெயரை நோயாளிக்குச் சொல்ல மருத்துவரே தயங்கினர் என்பது அம்மாற்றத்திற்குரிய காரணங்களுள் ஒன்று. அந்நோய்க்கு நாம் வழங்கும் ‘மனச்சிதைவு’ என்ற சொல்லையும் இவ்வகையில் ஆராய இடமுண்டு. சிதைந்தது மீளாது என்பது தமிழ்ச் செவியில் அச்சொல் தரும் பொருள். மருத்துவம் சொல்வதோ பலர் மீள்கின்றனர் என்பது.

ஏர்வாடிக்குப் பின்

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கினை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உளநலிவுற்றோரைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வடிவிலும் தடைசெய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் மனநோயையும் தான் பட்டியலிடும் 21 வகைகளுள் சேர்த்தது. ஏர்வாடியில் வழிபாட்டோடு மருத்துவத்தையும் இணைத்து வழங்கும் முயற்சிகள் பின்னர் மேற்கொள்ளப்பட்டன. மதுரையில் 1992இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற அமைப்புகள் சமூகம் சார்ந்த மனநலப் பணியில் முன்பே ஈடுபட்டிருந்தன.

அந்த 28 பேரும் தம் கூற்றை எழுதி வைத்தவர்கள் அல்லர். அவர்களும் பார்க்கப்பட்டனர், கேட்கப்படவில்லை. இந்நிலப்பரப்பில் ‘காதுகள்’ போன்றதொரு நூலை வாசிப்பது, எழுதப்படாது போன அக்கூற்றுகள் எவ்வாறு இருந்திருக்கக்கூடும் என்பதை அறியும் வழிகளுள் ஒன்றாகிறது.

வாசிப்பு நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, நோய்ப்பெயர் நூலில் இல்லாதபோது ஆய்வாளர் அதனை ஏற்றிக் கூறுதல் தவிர்க்கப்பட வேண்டும். இரண்டாவது, நூல் கூறும் துன்பத்தை முழுவதும் குறியீடாக்குதலும் தவிர்க்கப்பட வேண்டும். மூன்றாவது, சொல்பவரின் கூற்றோடு, சொல்லாமல் விடப்பட்ட மனைவி, தாய், உடன்பிறந்தார் ஆகியோரின் இடமும் ஆராயப்பட வேண்டும். நான்காவது, வறுமையும் சாதியும் துயரின் பின்னணியாக மட்டுமன்றிக் காரணமாகவும் கருதப்பட வேண்டும்.

நூலக ஒழுங்கும் இதனோடு தொடர்புடையது. டூயி தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணிலும், உளநோய்கள் 616.89 என்ற எண்ணிலும் அமைகின்றன. எனவே ‘காதுகள்’ ஓரிடத்திலும், உளநோய் விளக்க நூல் வேறோர் இடத்திலும் நிற்கும். குரல் கேட்கும் மகனோடு வாழும் ஒரு தாய், மருத்துவ அடுக்கில் நின்று தேடினால் வெங்கட்ராமைக் காணமாட்டார். 2023 ஜூலை 15இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெருநூலகங்களுக்கு, இருவகை நூல்களையும் பொருள்வழி இணைக்கும் விளக்க அடைவு ஒன்றினைத் தமிழ்த்துறைகள் உருவாக்கித் தரலாம். எளிய பணியாயினும், இலக்கிய ஆய்வு தன் வாசகரைச் சென்றடையும் நேர்வழி இதுவாகும்.

முடிவுரை

சாத்தனாரின் தெருவில் மையலுற்றவன் காட்சிப்பொருளாக நின்றான். வெங்கட்ராமின் நாவலில் அவன் தன் செவிகேட்டதைத் தானே சொன்னான். பாமா, துயருக்கு ஊரும் பொறுப்பு என்பதைக் காட்டினார். பாலபாரதியின் எழுத்து, பேசாதவரைக் கேட்கும் பொறுப்பினைக் கேட்பவரிடம் ஒப்படைத்தது. இவ்வளர்ச்சியை நேர்க்கோட்டு முன்னேற்றமாகக் கொள்ளுதல் பொருந்தாது. பழைய வசைச்சொற்கள் இன்றும் வழக்கில் உள்ளன. நோய்க்கு மருந்து தருதல் மருத்துவத்தின் பணி. நூல் அதற்கு மாற்றாகாது. துன்புறுபவரைக் குறிக்கும் சொற்களை ஆராய்ந்து, பழி நீக்கி, வழக்கிற்குத் தருதல் தமிழாய்வின் பணி. அப்பணி இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது.