ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது... அப்புறம் ஏன் உயிர் போகுது? ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் நடப்பது என்ன?

'ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் அவுட்'. நாம காமெடிக்குச் சொல்ற வசனம்தான். ஆனால் ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் கணக்கெடுத்துப் பார்த்தபோது கிடைத்த விடை, கிட்டத்தட்ட இதுதான்.

2016-ல் 25 ஆப்பிரிக்க நாடுகளில் 247 மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. ஏழு நாள்களில் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களைப் பதிவு செய்து, பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தார்கள். மொத்தம் 11,422 பேர். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் பேராசிரியர் புரூஸ் பிக்கார்ட் தலைமையிலான இந்த ஆய்வு, 2018-ல் 'லான்செட்' இதழில் வெளியானது.

வந்தவர்கள் முதியவர்கள் இல்லை. சராசரி வயதே 38-தான். மூன்றில் ஒரு பங்கு சிசேரியன். தொற்று, ரத்தப்போக்கு மாதிரியான சிக்கல்களும் மற்ற நாடுகளைவிட ரொம்ப அதிகமில்லை. ஆனாலும் இறப்பு விகிதம் உலக சராசரியைப்போல இரண்டு மடங்கு!

இறந்தவர்கள் 239 பேர். அதில் 225 பேர் ஆபரேஷன் நடந்த நாளைத் தாண்டியவர்கள். அதாவது, தியேட்டரைவிட்டு உயிரோடு வெளியே வந்து, வார்டில் படுத்திருந்தபோது இறந்தவர்கள்.

வார்டில் என்ன நடக்குது? ஆபரேஷனுக்குப் பிறகு உடல்நிலை மோசமானால், பெரும்பாலும் சில மணி நேரம் முன்பே அறிகுறி தெரியும். நாடித்துடிப்பு ஏறும், பிபி இறங்கும், சிறுநீர் குறையும். அதை யாராவது பார்க்கணும், பார்த்ததும் டாக்டரைக் கூப்பிடணும், டாக்டரும் வரணும். இந்தச் சங்கிலி அறுந்து, சமாளித்திருக்கக்கூடிய சிக்கலில் உயிர் போவதை மருத்துவத்தில் 'ஃபெயிலியர் டு ரெஸ்க்யூ' என்பார்கள்.

சங்கிலியில் ஆளே இல்லை என்பதுதான் பிரச்னை. அறுவை சிகிச்சை நிபுணர், மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர் மூவரையும் சேர்த்து எண்ணினாலும் அந்த மருத்துவமனைகளில் லட்சம் பேருக்கு 0.7 பேர். குறைந்தது 20 பேராவது வேண்டும் என்பது பரிந்துரை.

சரி, செலவில்லாமல் எதாவது செய்ய முடியுமா? அதையும் முயன்று பார்த்தார்கள். 2019-ல் தொடங்கிய அடுத்த ஆய்வில் 28 நாடுகள், 332 மருத்துவமனைகள். ஆபத்து அதிகமுள்ள நோயாளியின் கட்டிலை நர்ஸ் கண்ணில் படும் இடத்துக்கு மாற்றுவது, அடிக்கடி பரிசோதிப்பது, குடும்பத்தினரைப் பக்கத்திலேயே இருக்க வைப்பது... கேட்கவே நல்லாத்தான் இருக்கு, இல்லையா?

2021-ல் முடிவு வந்தது. இறப்பு குறையவில்லை.

எனக்கு இது ஆச்சர்யமாகப் படவில்லை. கட்டிலை நகர்த்தினார்களே தவிர, நர்ஸ்களைக் கூட்டவில்லை. ஏற்கெனவே திணறும் அதே ஆளிடம், இன்னும் நாலு தடவை போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்குவதைப் பக்கத்திலிருக்கும் மகள் முதலில் பார்த்துவிடலாம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் யாரைக் கூப்பிடுவாள்?