கணினியின் எடுபிடிகள் – 9: கிளார்க்கின் கைப்ரோ

ஆர்தர் சி. கிளார்க் என்றால் உலகத்துக்கு விண்வெளி. திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து எழுதுகிற எனக்கு அவர் முதலில் கடலின் ஆள். 1956இல் மூழ்குத் தோழர் மைக் வில்சனோடு கோணேசர் மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் பார்த்தவர் அவர். கணினிக்கு எடுபிடி வேலை செய்யும் சிறு மென்பொருள்களைப் பற்றிய இந்தத் தொடருக்குள் அவர் வருவது வேறு வழியாக.

‘2010’ நாவலைக் கொழும்பிலிருந்து ஆர்க்கைவ்ஸ் III என்ற கணினியில், வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச் செயலியில் எழுதினார். முழு நாவலும் ஓர் ஐந்தங்குல பிளொப்பியில் அடங்கி நியூயோர்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் மட்டும் பாதுக்க தரை நிலையம் வழியாகச் செய்மதியில் ஏறின. இதைச் சொல்கிறவர்கள் வேர்ட்ஸ்டாரைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்தத் திருத்தங்களைப் போல எழுத்து கம்பியில் போன கதைதான் பெரிது.

1983இல் அந்த நாவலைப் படமாக்கும் வேலை சூடுபிடித்தது. இயக்குநர் பீட்டர் ஹயம்ஸ் லொஸ் ஏஞ்சலிஸில், கிளார்க் கொழும்பில். நேர வித்தியாசம் பன்னிரண்டு மணிக்கும் மேல். ஒருவர் பேச உட்காரும்போது மற்றவர் தூக்கத்தில். இருவரிடமும் கைப்ரோ II என்ற கணினி இருந்தது. உலோகப் பெட்டி, சுமார் 12 கிலோ, ஒன்பதங்குலப் பச்சைத் திரை, 64 கிலோபைட் நினைவகம். அதோடு கணினியைத் தொலைபேசியோடு இணைக்க ஒரு மொடெம். எழுதிய கடிதங்களைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்ப மைட் என்றொரு சிறு மென்பொருள். அந்தக் கடிதங்கள் பின்னர் ‘தி ஒடிசி ஃபைல்’ என்று புத்தகமாகவும் வந்தன.

அன்றைய தொலைபேசியின் இரைச்சலை நம் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காதுக்கு அது கரகரப்பு; மொடெமுக்கு அதுவும் ஓர் எழுத்து. கடிதத்தில் ஓர் எழுத்து பிசகினால் ஊகித்துக்கொள்ளலாம், அதே கம்பியில் அனுப்பும் நிரலில் ஒரு பைட் பிசகினால் நிரல் ஓடாது. பிளொப்பியை அனுப்பிவிடலாமே என்றால், சிபி/எம் என்ற இயங்குதளத்தில் ஓடிய அன்றைய கணினிகள் ஒவ்வொன்றும் பிளொப்பியில் ஒவ்வொரு விதமாக எழுதின. ஒரு கம்பனியின் தட்டு இன்னொரு கம்பனியின் கணினியில் பெரும்பாலும் வாசிக்காது.

கம்பியிலேயே பிசகாமல் அனுப்ப வழி சொன்னவர் வோர்ட் கிறிஸ்டென்சன், அப்போது சிக்காகோவில் ஐபிஎம் ஊழியர். 1977இல் அவர் எழுதிய ‘மொடெம்’ என்ற நிரலிலிருந்து வந்ததுதான் எக்ஸ்மொடெம் முறை. சீனன்குடா மா ஆலையிலிருந்து லொறி புறப்படும்போது மூட்டைக் கணக்கெழுதிய துண்டு ஒன்றும் கூடவே போகும் அல்லவா? கடைக்காரர் எண்ணிப் பார்ப்பார்; சரியென்றால் கையெழுத்து, இல்லையென்றால் தகராறு. எக்ஸ்மொடெமும் அப்படித்தான். கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்டும். ஒவ்வொன்றுக்கும் இலக்கமிடும். அந்த 128 எண்களையும் கூட்டி, 256ஆல் வகுத்த மீதியைக் கடைசியில் ஒட்டும். மறுமுனையும் கூட்டிப் பார்க்கும். பொருந்தினால் ‘சரி’, பொருந்தாவிட்டால் ‘திரும்ப அனுப்பு’. அவ்வளவுதான்.

குறைகளும் இருந்தன. ஓர் எண் கூடி இன்னொன்று அதே அளவு குறைந்தால் கூட்டுத்தொகை மாறாது, பிழை தப்பிவிடும். பிறகு சிஆர்சி என்ற கடுமையான சோதனையைச் சேர்த்தார்கள். செய்மதி வழியில் இன்னொரு தொல்லை. செய்மதி இருப்பது 36,000 கிலோமீற்றர் உயரத்தில். துண்டு போய் ‘சரி’ திரும்பிவர அரை விநாடி ஆகும், அதுவரை அனுப்புகிறவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். விநாடிக்கு 300 பிட் அனுப்பும் மொடெமில் ஒரு துண்டு போகவே நாலு விநாடிக்கு மேல் என்பதால் அது உறைக்காது. 1,200 பிட் மொடெம் வந்ததும் ஒரு விநாடி அனுப்பி அரை விநாடி சும்மா இருப்பது எரிச்சலூட்டியது. பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்து அனுப்பும் முறைகள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கிறிஸ்டென்சன் அந்த நிரலைப் பொதுவில் விட்டார். எவரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியவர்கள் ஏராளம், அதனாலேயே அது கணினிக்குக் கணினி பரவியது. எடுபிடி மென்பொருளை அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே தன் படத்தையும் அச்சிட்டு விற்றுப் பணக்காரரான பீட்டர் நோர்ட்டன், அழித்த கோப்பை மீட்ட கதை அடுத்த வாரம்.

(தொடரும்)