பாலைவன விலங்குகளின் நீர்ச் சிக்கனம்

கோடையில் கிணறு வற்றத் தொடங்கியதும் நாம் பயிரைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறோம். கொட்டிலில் நிற்கும் கால்நடையின் உடலிலும் நீர் வற்றிக்கொண்டிருப்பது எளிதில் நம் கண்ணுக்குப் படுவதில்லை. "ஒட்டகம் பல நாள் தண்ணீரின்றி நடக்கிறதே, நம் மாடு ஒரு பகல் தாங்காதா?" என்று கேட்கும் விவசாயிகளும் உண்டு. மாடு தாங்காது. அதன் காரணத்தை அறிய, ஒட்டகத்தின் உடல் எவ்வாறு இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நீர் வெளியேறும் வழிகள்

வியர்வை, மூச்சு, சிறுநீர், சாணம் ஆகிய நான்கு வழிகளில் உடலிலிருந்து நீர் வெளியேறுகிறது. கறவை மாட்டிற்குப் பால் ஐந்தாவது வழியாகும். பாலைவன விலங்குகள் நீரைத் தேக்கி வைத்து வாழ்வதில்லை. கிடைத்த நீர் வெளியேறும் வழிகளை இறுக்கிப் பிடித்தே வாழ்கின்றன.

திமிலில் இருப்பது கொழுப்பே

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருப்பதாகப் பலர் நம்புகின்றனர். அங்கிருப்பது கொழுப்பு, அது தீவனம் கிடைக்காத காலத்திற்கான சேமிப்பு. ஒரு கிலோ கொழுப்பு உடலில் எரியும்போது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான நீர் உண்டாவது உண்மைதான். ஆனால் அதை எரிக்கத் தேவையான காற்றை இழுத்து விடும்போது, வறண்ட காற்றோடு அந்த நீரும் போய்விடுகிறது.

வெப்பத்தைச் சேர்த்து வைத்தல்

க்னூட் ஷ்மிட் நீல்சன் என்னும் விஞ்ஞானி 1953-54ஆம் ஆண்டுகளில் அல்ஜீரியாவின் சகாராப் பகுதியில் உள்ள பெனி அப்பெஸ் என்னும் ஊரில் தம் குழுவினருடன் ஒட்டகங்களை ஆராய்ந்தார். நீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் சூடு விடியற்காலையில் சுமார் 34 டிகிரி சென்டிகிரேடாக இறங்கி, பிற்பகலில் 40 டிகிரிக்கு மேல் ஏறுவதை அவர்கள் கண்டனர். பகலில் ஏறும் இந்தச் சூட்டை வியர்த்துத் தணிக்காமல், இரவுக் குளிரில் ஒட்டகம் வெளியே விட்டுவிடுகிறது. 500 கிலோ எடையுள்ள ஒட்டகத்திற்கு இதனால் நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் நீர் மிச்சமாகிறது.

முதுகிலுள்ள தடித்த உரோமமும் வெயிலைத் தடுக்கிறது. உரோமம் கத்தரிக்கப்பட்ட ஒட்டகம், கத்தரிக்கப்படாததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீரை இழந்தது. நிலப்போர்வை இட்ட மண்ணில் ஈரம் காக்கப்படுவதோடு இதனை ஒப்பிடலாம்.

மூச்சிலும் சிக்கனம்

நீர் குறைந்த ஒட்டகம் இரவில் வெளிவிடும் மூச்சு, உடல் சூட்டைவிடக் குளிர்ந்தே வருகிறது. குளிர்ந்த செம்பின் மேல் நீர் படிவதுபோல, மூச்சிலுள்ள ஈரத்தில் ஒரு பகுதி மூக்கின் உட்சுவரில் தங்கிவிடுகிறது. சாணமும் உலர்ந்து கெட்டியாக வெளிவருகிறது, சிறுநீரும் குறைவு.

அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கங்காரு எலி இதிலும் ஒரு படி மேலானது. தண்ணீரே குடிக்காமல், உலர்ந்த விதைகளைத் தின்று வாழ்கிறது. 100 கிராம் பார்லி உடலில் எரியும்போது ஏறத்தாழ 54 கிராம் நீர் உண்டாகிறது. பகல் முழுவதும் வளைக்குள் தங்கி, மிகச் செறிந்த சிறுநீரைக் கழித்து, இந்தச் சிறு வரவுக்குள் தன் செலவை அது அடக்கிக்கொள்கிறது.

இரத்தத்தின் உறுதி

ஒட்டகம் தன் எடையில் கால் பங்கு அளவுக்கு நீரை இழந்தாலும் அதன் இரத்தத்தின் அளவு அதிகம் குறைவதில்லை. பிற திசுக்களிலிருந்தே பெரும்பகுதி நீர் போகிறது. ஆகவே இரத்தம் கெட்டிப்படாமல் ஓடி, உட்சூட்டைத் தோலுக்குக் கொண்டு வருகிறது.

தண்ணீரைக் கண்டதும் பத்து நிமிடத்தில் 100 லிட்டர் வரை குடிக்கவும் ஒட்டகத்தால் முடியும். நீள்வட்ட வடிவமுள்ள அதன் சிவப்பணுக்கள் இரு மடங்குக்கு மேல் உப்பினாலும் உடைவதில்லை.

நம் கால்நடைகளுக்கு

மாட்டிற்கு இந்த ஏற்பாடுகள் இந்த அளவில் இல்லை. அது வியர்த்தும், வேகமாக மூச்சு வாங்கியுமே வெயிலைச் சமாளிக்கிறது. இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும். வியர்வைச் சுரப்பிகள் குறைந்த எருமையின் நிலை இன்னும் கடினம். ஆகவே விவசாயிகள் கீழ்க்காணும் முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. கோடையில் தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். தொட்டி நிழலில் இருப்பது நல்லது.

2. காலையிலும் மாலையிலும் மட்டும் மேய்ச்சலுக்கு விடுங்கள். உச்சி வெயிலில் மர நிழலிலோ கூரையின் கீழோ கட்டுங்கள்.

3. எருமைகளைக் குளத்தில் இறக்குங்கள். அல்லது உடல் மீது தண்ணீர் ஊற்றுங்கள்.

4. நெடுநேரம் தாகத்தோடிருந்த கன்றுக்கு ஒரே முறையில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டாதீர்கள். அதன் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் சிவந்து போகலாம், உயிருக்கும் ஆபத்து. சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

பாலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். குடிநீர் குறைந்தால் மாடு தீவனத்தைக் குறைக்கும், பாலும் குறையும். வறண்ட மாதங்களில் கிணற்றில் ஊறும் நீரைப் பங்கிடும்போது, கால்நடைகளின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பாசனத்திற்குக் கணக்கிடுங்கள்.